கூச்சல் கமிட்டியைக் கேட்டவர்கள்

உப்புக் கிடங்கில் நடந்த கூச்சல் கமிட்டியின் முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர் வந்தார்கள்; மறுநாள் காலையில் அந்தப் பதினோரு பேரும் பெல்சியாவின் குரலோடு எழுந்தார்கள். டீ மாஸ்டர் சிவனணைந்தான் கடையைத் திறந்து, முதலில் வந்தவரிடம் "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்று கேட்டபோது அவருடைய கனத்த மீசைக்கு அடியிலிருந்து இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கரகரத்த குரல் வந்தது. வந்தவர் "ஸ்ட்ராங்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர் அதே குரலில் "உள்ள போ, உள்ள போ" என்றார், ஜனங்கள் உள்ளே போனார்கள். பெல்சியாவோ தன் வீட்டுப் பின்கட்டில் பல் தேய்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது.

தூத்துக்குடியில் அதற்கு முன்பு அப்படி ஒரு பேண்டு இருந்ததில்லை. மூன்றே பேர். பெல்சியா பாடுவாள், கிட்டாரும் வாசிப்பாள். பகலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலை. இசக்கிதுரை ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் உடைப்பவன், அதே தோள்களைக் கொண்டு டிரம்ஸ் அடிப்பான். ஃபாயிஸா கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, காயல்பட்டினத்திலிருந்து மடியில் கீபோர்டும் தோளில் லேப்டாப்புமாக பஸ் ஏறி வருவாள். கப்பல் சங்கு, தையல் மெஷின், பிரஷர் குக்கர் விசில் எல்லாவற்றையும் பிடித்து வைத்துத் தாளமாக மாற்றுவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் இவர்களைக் கூப்பிடவில்லை, கல்லூரி விழாக்காரர்கள் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு மறுபடி கூப்பிடவில்லை. கடைசியில் காலியாகக் கிடந்த ஓர் உப்புக் கிடங்கை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் என்று, இசக்கிதுரையின் மாமா விட்டுக்கொடுத்தார்.

பெல்சியாவின் குரல் இனிமையான குரல் இல்லை. தேங்காய் துருவுகிற சத்தத்துக்குப் பாவாடை சட்டை போட்டுவிட்ட மாதிரி என்று அவளைப் பெற்ற மெற்றில்டாவே சொல்லியிருக்கிறாள். அந்தக் குரலுக்கு ஒரு குணம் இருந்தது, அதைச் சின்னதாக்க முடியாது. பதினோரு பேருக்கும் அது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ரகசியம் பேச வாயெடுத்தால் தெருக்கோடி வரை கேட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் சூரியன் விழுந்த நிமிஷத்தில், கண்டக்டர் "ரை" என்று பெல்சியாவின் குரலில் ஆரம்பித்து "ட்டு" என்று தன் குரலில் முடித்தார். அதே நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் பெல்சியா "டோக்கன் அறுபத்தொண்ணு" என்றாள், சத்தம் வந்தது, அறுபத்தொன்றாம் நம்பர் பாட்டி எழுந்து வந்தார்.

அடுத்த கச்சேரிக்கு நாற்பத்தாறு பேர் வந்தார்கள், குரல் திரும்பி வர ஐந்து நாள் ஆனது. யாரும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எப்படி நடந்துகொள்வது என்றுதான் பார்த்தார்கள். வெளியூரில் இருக்கும் அம்மாக்கள் போனை எடுத்ததும், "சரி, நீ என் பிள்ளைதான்னா முட்டியில தழும்பு எப்பிடி வந்துச்சு, சொல்லு" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கோர்ட்டில் ஒரு வக்கீல் அந்தக் குரலில் வாதாடினார். மாஜிஸ்திரேட் எதிர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, 'வக்கீல், பெல்சியா குரலில்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பங்குச் சாமியார் பூசை முடிவில் ஓர் அறிவிப்பு வாசித்தார்: கச்சேரிக்குப் போனவர்கள் குரல் மாறும்வரை பாவசங்கீர்த்தனத்துக்கு வரவேண்டாம், அவர்கள் பாவம் மூன்று தெருவுக்குக் கேட்கிறது, ஆண்டவர் அவசரப்படமாட்டார். ஆஸ்பத்திரியில் பெல்சியாவின் வேலை போய்விடவில்லை. வாசல் காவலாளி இரண்டு கச்சேரிக்கும் வந்தவர் என்பதால், அவள் விரலால் காட்ட அவர் நம்பரைக் கூப்பிட்டார், நோயாளிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போனில் பிடித்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கும், கூட வாசித்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்க என்று நேரில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் செல்லக்கனி ஒன்பது வருஷமாக மேஸ்திரியின் முன்னால் தலை நிமிர்ந்து பேசியதில்லை. இரண்டாவது கச்சேரிக்கு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போனாள். மறுநாள் கொட்டகையில் மேஸ்திரியிடம் "அண்ணாச்சி, எங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும்" என்று மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள், அது கொட்டகைத் தகரத்தில் மோதி ரோட்டுக்குப் போய், ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து நாளும் தினம் ஒரு தடவை சொன்னாள். ஒரு மாதத்தில் கக்கூஸ் வந்தது. கதவு வைக்க மறந்துவிட்டார்கள். அதற்குள் அவளுக்குத் தன் சொந்தக் குரல் வந்திருந்தது, அந்தக் குரலிலேயே போய்க் கதவையும் கேட்டாள்.

ஊரெல்லாம் இப்படி அந்தக் குரலைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அதன் பக்கமே போகாத ஒருவர் பெல்சியாவின் அப்பா கஸ்பார் மிராண்டா. விசைப்படகுச் சங்கத்தின் மைக்கில் ஞாயிறு தவிர தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல் நிலவரம் வாசிப்பவர் அவர்தான். காற்று எத்தனை, அலை எத்தனை, நாளைக்கு யார் யார் கடலுக்குப் போகலாம் என்று அவர் ஆல மரத்துக் குழாய் ஸ்பீக்கரில் சொல்லும்போது கரையில் வலை பின்னுகிற கைகள் நிற்கும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கோயில் திருவிழா மேடையில் பெல்சியா பாடினாள்:

"பலகையில நாப்பது பேரு,
கருவாடு காயப்போட்டது யாரு?"

சங்கத்து வாசலில் உறுப்பினர்களான நாற்பது ஆண்களின் பேர் எழுதிய பலகை தொங்குகிறது, அதில் ஒரு பெண் பேர்கூடக் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த நாற்பதில் எட்டாவது பேர் கஸ்பார். மேடைக்கு முன்னால் சங்கத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து வீட்டுக்கு வந்தவர்தான். அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. "சாப்பிடச் சொல்லு" என்பார் மெற்றில்டாவிடம். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லும்மா" என்பாள் பெல்சியா. மெற்றில்டா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "எனக்கு என்ன, தபால் வேலையா?" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

மூன்றாவது கச்சேரிக்குக் கிடங்கு கொள்ளவில்லை. நூற்றெண்பது பேர் உள்ளே நின்றார்கள். சென்னையிலிருந்து யாழ்மொழி என்ற பெண் வந்திருந்தாள். புது பேண்டுகளைத் தேடி ஊர் ஊராக ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு, எதை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று எழுதுகிறவள். ஃபாயிஸா குக்கர் விசிலை அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி இறக்கிவிட்டாள். இசக்கிதுரை இரண்டு குச்சிகளை உடைத்தான். பெல்சியா தண்ணீர் லாரியைப் பற்றியும் வராத பஸ்ஸைப் பற்றியும் தன் வீட்டில் சுவரோடு பேசுகிற ஒரு மனிதரைப் பற்றியும் கத்திக் கத்திப் பாடினாள். உப்புத் தூசு கூரையிலிருந்து எல்லார் தலையிலும் உதிர்ந்தது.

மறுநாள் ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. "அன்பான மீனவ மக்களுக்கு" என்று கஸ்பார் மிராண்டா மகளின் குரலில் ஆரம்பித்தார்.

கரையில் கைகள் நின்றன. கிடங்குக்குள் போகாமல், பின்பக்கத் தகரத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெளியில் நின்று கேட்பது கேட்டதாகாது என்று நினைத்து ஒரு மணி நேரம் நின்ற மனிதர், இப்போது அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். கஸ்பார் மைக்கைக் கையால் பொத்தினார், பொத்தியும் கேட்டது. பிறகு கையை எடுத்துவிட்டு, காற்று தென்கிழக்கில் என்றும், அலை ஒரு மீட்டர் என்றும், நாட்டுப்படகுகள் போகலாம் என்றும் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார். அந்தக் குரலில் கேட்ட கடல் நிலவரத்தை யாரும் நம்பாமல் இருக்கவில்லை, மறுநாள் படகுகள் போய்த் திரும்பின.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது பெல்சியா வாசல் படியில் உட்கார்ந்து கிட்டார் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. கஸ்பார் சைக்கிளைச் சாத்தினார், செருப்பைக் கழற்றினார், அவளுக்கு எதிரே நின்றார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

தன் குரலே தன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதைக் கேட்டு பெல்சியா தலையை ஆட்டினாள். மெற்றில்டா அடுப்படியிலிருந்தே, "யார்டி அது, உனக்குக் குரல் வந்துட்டா?" என்றாள், பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"இந்தத் தொண்டையில ஒண்ணையும் அமுக்கி வைக்க முடியலயே, பிள்ள" என்றார் கஸ்பார். "காலையில இருந்து வாயத் திறக்கல, மைக்கப் பிடிச்சதுல இருந்து எதை எதையெல்லாமோ சொல்லிட்டேன். தலைவர்கிட்டப் பலகையப் பத்திக்கூடச் சொல்லிட்டேன். எடம் இருக்கு, கீழ இன்னொரு பலகை மாட்டலாம்னு. அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு." படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ இதை வச்சுக்கிட்டு எப்பிடித்தான் இந்த வீட்ல இவ்வளவு நாளு பேசாம இருந்த?"

பெல்சியா சட்டைப் பையிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தாள். 'நீங்க பேசல, நானும் பேசல.' அவர் அதை வாசித்தார். வாசிக்கும்போது வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு, மைக்குக்காரர் அல்லவா. அந்த வார்த்தைகள் அவளுடைய குரலிலேயே வாசலில் கேட்டன. இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. அன்றிலிருந்து பதினேழு நாள் அவள் எழுதினாள், அவர் வாசித்தார், ஒன்றரை வருஷப் பேச்சு முழுக்க ஒரே குரலில் நடந்து முடிந்தது.

அந்தப் பதினேழு நாளுக்குள்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. யாழ்மொழி பெல்சியாவின் குரலோடு ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்து, இந்த வருஷம் நேரில் போய்க் கேட்டே ஆகவேண்டிய பேண்டுகள் என்று ஒன்று எழுதியிருந்தாள். கூச்சல் கமிட்டியைப் பற்றி நாலே வரி: 'போனில் கேட்காதீர்கள். போய் நில்லுங்கள். நான் பத்து வருஷமாக என் வீட்டில் சொல்லாத ஒன்றை நேற்றுச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.' கடற்கரையோரத் திடலில் நடக்கும் விழாவில், புது பேண்டுகளுக்கான நாலு மணி வெயில் நேரத்தில், முக்கால் மணி இவர்களுக்கு. மூவாயிரம் பேர் வருவார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

ஃபாயிஸா ஒரு நோட்டில் கோடு போட்டுப் பார்த்தாள். பதினோரு பேருக்கு இரண்டு நாள், நாற்பத்தாறு பேருக்கு ஐந்து, நூற்றெண்பது பேருக்கு எத்தனை என்று அப்போது இன்னும் தெரியவில்லை. "மூவாயிரத்துக்கு எட்டு மாசமா இருக்கலாம், எட்டு வருசமா இருக்கலாம்" என்றாள். "கோடு பேப்பரை விட்டு வெளிய போயிருச்சு, பெல்சி. எனக்குத் தெரியல."

"திரும்பி வராமலே போச்சுன்னா?" என்று மெற்றில்டா கேட்டாள். "வேண்டாம். இந்த ஊர்ல பாடுனது போதும். நூறு பேரு, இருநூறு பேரு, அதோட நிறுத்திக்க."

இசக்கிதுரை தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ தொண்டை, அவ சொல்லட்டும்" என்றான். "போகலைன்னா நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். ஐஸ் உடைக்கப் போவேன்."

எல்லாரும் பெல்சியாவைப் பார்த்தார்கள். அவள் டோக்கன் சீட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினாள். கஸ்பார் வழக்கம்போல வாய்விட்டு வாசித்தார்.

"பயமா இருக்கு."

பெல்சியாவின் குரலில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கியது, மெற்றில்டா திரும்பிப் பார்க்கவில்லை. கஸ்பார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும்தான்" என்றார், அதே குரலில். அதனால் ஒரே ஆள் இரண்டு தடவை பயந்த மாதிரி இருந்தது. பெல்சியா அவர் கையிலிருந்து சீட்டை வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை மனதுக்குள் வாசித்தார். வாசித்துவிட்டு மெற்றில்டாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், கடல் நிலவரம் வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"ஆனா போணும்" என்று வாசித்தார்.

பதினேழாம் நாள் கஸ்பாருக்குத் தன் குரல் திரும்பியது. அடுத்த சாயங்காலம் காற்றும் அலையும் சொல்லி முடித்தபின் அவர் மைக்கை அணைக்கவில்லை. "இன்னொரு தகவல்" என்றார். "கஸ்பார் மிராண்டா மகள் பெல்சியா வர்ற ஞாயித்துக்கிழமை சென்னையில பாடப்போவுது. வர விருப்பப்பட்டவங்க பேரு குடுக்கலாம். என் பேரு முதல்ல இருக்கு." ஒரு பஸ் நிறைந்தது. செல்லக்கனி கருவாட்டுக் கொட்டகையிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிவனணைந்தான் ஒரு கேன் நிறைய டீ போட்டுக்கொண்டு ஏறினார். எல்லாருமாகச் சேர்ந்து நாற்பத்திரண்டு பேர்.

சென்னையில் நாலு மணி வெயிலில், மேடைக்கு முன்னால் தொப்பியும் துண்டுமாக நின்ற கூட்டத்துக்கு முன்னால், முதல் பாட்டுக்கு முன்பு பெல்சியா மைக்கில் சொன்னாள்: "நாளைக்கு முக்கியமான ஃபோன் பேசணும்னு இருக்கவங்க இப்பவே போயிருங்க. அப்புறம் எங்களைச் சொல்லக்கூடாது." சிரித்தார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. அவள் முக்கால் மணி நேரம் பாடினாள், தன்னிடம் இருந்ததில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள், காற்று வந்தது. இந்தத் தடவை விடியும்வரைகூட அது காத்திருக்கவில்லை.

சென்னையும் அதைப் பழகிக்கொண்டது. மெட்ரோவில் கோட்டுப் போட்ட மனிதர்கள் தூத்துக்குடிப் பெண்ணின் குரலில் "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றார்கள். ஒரு கம்பெனிக் கூட்டத்தில் பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு ஒரே குரல் இருந்ததால், பேசுமுன் கை தூக்குவது என்று முடிவானது. அதுவரை கையே தூக்காத இரண்டு பேர் தூக்கினார்கள். தூத்துக்குடியில் ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. பஸ்ஸில் போன நாற்பத்திரண்டு பேரும் பெல்சியாவின் குரலில் டீ விற்றார்கள், சண்டை போட்டார்கள், செபமாலை சொன்னார்கள், கடல் நிலவரம் வாசித்தார்கள். சங்கத்து வாசலில் பெண்களின் பேரோடு இரண்டாவது பலகை வந்தது. பெல்சியா மட்டும் பேசாமல் இருந்தாள். சில நாள் காலையில் எழுந்ததும் பின்கட்டுக்குப் போய் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். மெற்றில்டா அதைப் பார்க்காத மாதிரி பாத்திரம் துலக்குவாள்.

எழுபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மாதமாகக் கிடங்கில் கச்சேரி இல்லை. பெல்சியா எழுதிய சீட்டை வைத்து இசக்கிதுரை ஊரில் சொல்லியிருந்தான்: புதுப் பாட்டு ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் வந்து பாடித் தரவேண்டும். அவள் அந்தப் பாட்டைப் பெரிய பெரிய எழுத்தாகச் சாக்குத் துணியில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள்.

"நான் சும்மா இருந்த நாளு
நாய் குலைச்சது, நல்லாத்தான் குலைச்சது.
பூனை வந்து கேட்டது,
உன் பங்கு எங்கேன்னு."

நாற்பத்திரண்டு பேரும் மேடைப் பக்கம் நின்றார்கள். மெற்றில்டா முதல் தடவையாகக் கிடங்குக்கு வந்து, கடைசி வரிசையில் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தாள். ஃபாயிஸா மிக்ஸரைத் திறந்து, பெல்சியாவின் மைக்கையும் வழக்கம்போலச் செருகி, சத்தத்தைக் கடைசி வரை இறக்கி வைத்தாள். பெல்சியா கையை உயர்த்தி நாலு எண்ணினாள்.

பாடினார்கள். அவளுடைய குரல் நாற்பத்திரண்டு வாயிலிருந்து வந்து அவள் மேல் மோதியது. சிவனணைந்தான் ஒரு வரி முந்திப் போனார், செல்லக்கனி வார்த்தையை மாற்றிப் போட்டாள், கஸ்பார் தாளம் தெரியாமல் ஒவ்வொரு வரியையும் அறிவிப்பு மாதிரி நீட்டி முடித்தார். பெல்சியா கிட்டாரை வாசித்துக்கொண்டே வாயை மட்டும் அசைத்தாள். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

இரண்டாவது தடவை பூனை வந்து கேட்டபோது குரல்கள் மாறின. வரியின் நடுவில், ஒரே நொடியில், ஒரு குரல் நாற்பத்திரண்டு குரலாகப் பிரிந்தது. சிவனணைந்தானின் கட்டைக் குரல், செல்லக்கனியின் மெல்லிய குரல், காவலாளியின் சளி கட்டிய குரல், கஸ்பாரின் கடற்கரைக் குரல். அதே நொடியில் சென்னையில் ஒரு மெட்ரோ பெட்டியில் நாலு பேர் தங்கள் சொந்தக் குரலைக் கேட்டுத் தாங்களே திரும்பிப் பார்த்தார்கள். கிடங்கில் யாரும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்திலிருந்து ஒரு படிகூட இறங்காமல், இது யார் குரல் என்று யோசிக்காமல், நாற்பத்திரண்டு பேரும் தங்கள் தங்கள் தொண்டை கிழிய உன் பங்கு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் மெற்றில்டாவும் எழுந்து நின்று கேட்டாள்.

பெல்சியா பாடவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஃபாயிஸா மட்டும் மிக்ஸரைப் பார்த்தாள், பெல்சியாவின் மைக்குக்கு நேரே, சத்தம் வந்தால் மட்டும் எரிகிற சின்னப் பச்சை விளக்கு துடித்து எரிந்தது. அவள் ஒருத்தரிடமும் சொல்லாமல், கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து, அந்தச் சத்தத்தை மெதுவாக மேலே ஏற்றினாள்.